அம்மா மடித்து வைத்த கடதாசி

அன்புள்ள ரீச்சர்,

நான் வட்டக்கச்சியில் பிறந்தவன். இப்போது ஜேர்மனியில் இருக்கிறேன். போன ஆடி மாதம் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தேன். சொந்தத்தில் ஒரு சாமத்தியவீடு, கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த அம்மா, கை துடைத்த கடதாசிச் சேர்வியற்றை எறியாமல் மேசையில் விரித்துக் காயவிட்டு, பிறகு நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பாவிக்காமல் கிடந்தவற்றையும் பொறுக்கி வைத்தார். என் மகள் பார்த்துச் சிரித்தாள். எல்லார் முன்னாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா 2009இல் கடைசிச் சண்டைக்குள் மாத்தளன் வரை போய், பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்தவர். கஷ்டப்பட்டவர்தான். ஆனாலும் இப்போது என்ன குறை? மாதாமாதம் காசு அனுப்புகிறேன்.

என் கேள்வி அதுவல்ல. இங்கே நாங்கள் கடதாசிக் கைக்குட்டையை ‘ரெம்போ’ என்கிறோம். எந்தக் கொம்பனி செய்தாலும் ரெம்போதான். கனடாவில் மச்சாள் வீட்டில் அது ‘கிளினெக்ஸ்’. லண்டனில் தம்பிக்கு ‘ரிசு’. அம்மாவுக்கு ‘சேர்வியற்’. ஒரு குடும்பத்துக்குள் நாலு பெயர், ஒன்றும் தமிழ் இல்லை. கொம்பனிகளுக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் செய்துகொண்டு திரிகிறோம். இது ஒரு அடிமைத்தனம் இல்லையா? நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

ஒரு வாசகர், ஜேர்மனி

அன்புள்ள தம்பி,

கேள்வி அதுவல்ல என்று நீங்கள் தள்ளிவைத்த பந்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

சில கிழமைகளாக இதே விசயம் மனதுக்குள் கிடந்து உழல்கிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளோடு இடம்பெயர்ந்த காலத்தைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று 1996க்குப் பிறகு சனம் ஒதுங்கிய இடங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, “மாதவிடாய்க்கு என்ன செய்தனீங்கள் ரீச்சர்?” என்று கேட்டாள். ஆம்பிளைப் பிள்ளைகளும் இருந்த வகுப்பு. துணிந்து கேட்டாள், எனக்குச் சந்தோசம். துணிதான் பிள்ளை என்றேன். முன்வாங்கில் முகங்கள் சுருங்கின. ஒரு “சீ” கூடக் கேட்டது. கோபம் வரவில்லை. ஆனால் இந்த “சீ” எங்கேயிருந்து வந்தது, துணியை அருவருக்க இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கிளினெக்ஸின் கதையைக் கேளுங்கள். அது காயத்தில் தொடங்குகிற கதை. முதலாம் உலகப்போர் தொடங்குகிற காலத்தில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் கடதாசிக் கொம்பனியான கிம்பர்லி-கிளார்க்கின் ஆட்கள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். மரக்கூழில் செய்த, பஞ்சு போன்ற ஒரு பொருளை அங்கே கண்டார்கள். பருத்தியைவிட மலிவு, பருத்தியைவிடப் பல மடங்கு ஈரம் உறிஞ்சும். திரும்பி வந்து தாங்களும் அதைச் செய்தார்கள். செலுகொற்றன் என்று பெயர் வைத்தார்கள். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. பருத்திக்குத் தட்டுப்பாடு. காயங்களுக்கு வைத்துக் கட்ட இந்த மரப்பஞ்சுதான் போனது. கள ஆஸ்பத்திரிகளில் வேலைசெய்த தாதிமார் அதையே எடுத்துத் தங்கள் மாதத் தேவைக்கும் பாவித்தார்கள். இப்படிப் பாவியுங்கள் என்று கொம்பனி சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து அந்தப் பெண்கள் தாங்களாகச் செய்துகொண்டது. 1918இல் போர் முடிந்தது, பஞ்சு மிஞ்சியது. 1920இல் அது கோட்டெக்ஸ் என்ற பெயரில் பெண்களிடம் விற்பனைக்கு வந்தது. அதே பொருளை மெல்லியதாக்கி, முகத்தில் பூசிய கிறீமைத் துடைத்து எறிவதற்கென்று 1924இல் கிளினெக்ஸை விட்டார்கள். அப்போது மூக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மூக்குக்குக் கொண்டுபோனதும் சனம்தான். நாங்கள் இதில் மூக்குச் சிந்துகிறோம் என்று பாவித்தவர்கள் கொம்பனிக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரத்துப் பத்திரிகையில் இரண்டு விதமாக விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். கிறீம் துடைக்க என்று ஒன்று, கைக்குட்டைக்குப் பதிலாக என்று மற்றது. பதில் போட்டவர்களில் பாதிக்கு மேல் கைக்குட்டைப் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த விளம்பரத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: தடிமனைப் பொக்கெற்றுக்குள்ள கொண்டு திரியாதேங்கோ.

இந்த வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. அதுவரைக்கும் தோய்த்து, மடித்து, பொக்கெற்றில் வைத்த கைக்குட்டை ஒழுங்கான மனிதரின் அடையாளம். அந்த வசனத்துக்குப் பிறகு அதே கைக்குட்டை நோய் காவுகிற ஊத்தைத் துணி. துணி மாறவில்லை, அதைப் பார்க்கிற கண்ணை மாற்றினார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தடிமன் பிடித்தவர் கடதாசியில் சிந்திக் குப்பைக் கூடைக்குள் போடுவது நல்லதுதான். கொரோனாக் காலத்தில் நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்தோம். நான் சொல்வது வேறு. ஒரு பொருளை ஒரே ஆளுக்கு ஒவ்வொரு நாளும் விற்க வேண்டுமென்றால், அவர் அதை ஒருதரம் பாவித்துவிட்டு எறிய வேண்டும். எறிகிற பழக்கம் மனிதருக்குத் தானாக வருவதில்லை. நல்லாக இருக்கிற ஒன்றை எறியக் கை கூசும். அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டு, வைத்திருப்பதற்குக் கூசவைக்க வேண்டும். விளம்பரம் செய்த வேலை அதுதான். நீங்கள் மண்டபத்தில் பட்ட வெட்கம் உங்களுடைய சொந்த வெட்கம் என்றா நினைக்கிறீர்கள்? எங்கேயோ யாரோ காசு கொடுத்துச் செய்வித்த வெட்கம் அது. உங்கள் மகளுக்குப் போய், முன்வாங்கில் இருந்த அந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உங்கள் அம்மா பழகியது வேறு. அதை நான் சொல்கிறேன், நானும் அதைத்தான் பழகினேன்.

1990இல் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் ஒன்றும் வராது. மருந்து எண்ணி எண்ணி வரும். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கு. சவர்க்காரம் வாங்க ஏலாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட உடுப்பை அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பும், பக்கத்தில் நின்று கலைக்க வேண்டும். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு அக்கராயன் பக்கம் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தபோது இந்தத் தட்டுப்பாடு இன்னும் இறுகியது. மலேரியா வேறு.

என் சின்னம்மா ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். பின்னேரம் வரும்போது ஒவ்வொரு கொட்டிலாகப் போய்ப் பழைய சேலை கேட்பார். “நைலெக்ஸ் வேண்டாம் பிள்ளை, நூல் சேலை இருந்தால் தா.” நைலெக்ஸ் ஈரத்தைக் குடிக்காது, காயத்தின் மேல் வழுக்கிக்கொண்டு கிடக்கும். நூல் சேலையிலும் புதிது சரிவராது. பத்துப் பதினைந்து வருசம் உடுத்து, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று போனதுதான் நன்றாக உறிஞ்சும். கத்தரிக்கோலால் வெட்ட விடமாட்டார். வெட்டினால் ஓரம் பிசிறும். அந்தப் பிசிறு புண்ணில் ஒட்டினால் கட்டு மாற்றும்போது காயக்காரன் உயிர் போகிற மாதிரிக் கத்துவான். இழை பார்த்துப் பல்லால் ஒரு கடி, பிறகு நேராக ஒரே இழுவை. கரையை உள்ளுக்குள் விட்டு நாலாய் மடித்து, மடிப்பு வெளியே தெரியாமல் அடுக்க வேண்டும். பெரிய அலுமினியச் சட்டியில் அவித்து, கொடியில் வெயில் படக் காயப்போடுவோம். காய்ந்தவுடன் வெறும் கையால் தொடக்கூடாது. என் அம்மா ஒரு சுத்தமான துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்துப் பைக்குள் போடுவார்.

போனது திரும்பியும் வரும். எறிவதற்கு எங்கே துணி? இரத்தம் பட்டதைச் சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துவிடும், முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் சிவக்கும், ஊற்றிவிட்டு மறுபடி ஊறவைப்போம். தெளிந்த பிறகு அவிப்பு. இந்த வேலையில் நாங்கள் யாரும் “சீ” சொன்னதில்லை. யாருடைய இரத்தம் என்று சிலவேளை தெரிந்தும் இருந்தது.

துணியைப் பாட்டுப் பாடிப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். மாரியில் தறப்பாளுக்குள் ஒன்றும் காயாது. ஆஸ்பத்திரித் துணிக்குக் கிடைத்த வெயில் பெண்பிள்ளைகளின் துணிக்குக் கிடைக்காது. அதை மற்ற உடுப்புக்குக் கீழே ஒளித்துத்தான் காயவைப்பார்கள். ஈரத்தோடு கட்டிக்கொண்டு, தொடை உரஞ்சிப் புண்ணாகி, மரத்தடி வகுப்புக்கு நடந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வராமல் நின்றவர்களையும் தெரியும். 2009க்குப் பிறகு மெனிக் பாமில் நிவாரணப் பொதிக்குள் பாட் வந்தபோது நான் பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. எறிகிற பொருள் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த விடுதலையைப் பெற்ற பிறகும், மெத்தென்ற, வெள்ளையான, ஈரம் குடிக்கிற ஒன்றைக் கண்டால் என் கை அதை எடுத்து வைக்கும். அதன் அருமை கைக்குத் தெரியும்.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன். அவர் அந்தச் சேர்வியற்றைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கவில்லை. விரித்தார், காயவிட்டார், நாலாய் மடித்தார். நீங்களே இவ்வளவு வடிவாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குக் கடிதத்தில் வாசித்தவுடனே தெரிந்தது. அது காயத்துக்குத் துணி மடித்த கை. மாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் ஆஸ்பத்திரி நடந்ததே, அங்கே எதை எதையெல்லாம் கிழித்துக் கட்டினார்கள் என்று நீங்கள் அவரிடம் ஒருநாளாவது கேட்டதுண்டா? எந்தச் சேலையைக் கிழித்தீங்கள் அம்மா, யாருக்குக் கட்டினீங்கள் என்று?

கேட்டிருந்தால் “மாத்தளன் வரை போய்” என்று எழுதிய கையோடு “இப்போது என்ன குறை” என்று எழுதியிருக்க மாட்டீர்கள். எனக்குச் சுடச்சுடக் கோபம் வந்த இடம் இதுதான். மாதாமாதம் காசு அனுப்புகிறீர்கள், நல்லது, எத்தனையோ பிள்ளைகள் அதுவும் செய்வதில்லை. ஆனால் காசு அனுப்பினவுடன் அம்மாவின் கை தன் பழக்கத்தை மறந்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதா? அவர் இல்லாமையில் மடிக்கவில்லை தம்பி. அறிவில் மடித்தார். உங்களுக்கு அதைப் பஞ்சத்தனமாகப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. உங்கள் மகள் சிரித்ததில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, அவள் குழந்தை. அவள் சிரித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள். அங்கே வெட்கத்தைக் கண்டாள். அப்பம்மாவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தில் நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். அதைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் கேள்வி. அடிமைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய சொல், இந்தச் சின்ன விசயத்துக்கு அதை எடுக்காதீர்கள். வன்னியில் எந்தக் கொம்பனியின் இரண்டு சில்லு உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்ரர்தான். தலையிடிக்கு எந்தக் குளிசை போட்டாலும் பனடோல்தான். குழந்தைக்குக் கட்டுவதெல்லாம் பம்பஸ். முந்திக் கலியாண வீட்டுக்கு வெளிச்சம் தந்ததெல்லாம் பெற்றோமக்ஸ். இதனால் எந்தக் கமக்காரன் எந்தக் கொம்பனிக்கு அடிமைப்பட்டான்? கொம்பனிகள்தான் இதற்குப் பயப்படுகின்றன. ஒரு பெயர் எல்லாருக்கும் பொதுச் சொல்லாகிவிட்டால் சட்டம் அதைக் கொம்பனியிடமிருந்து எடுத்துவிடலாம். அமெரிக்காவில் பாயர் கொம்பனி அஸ்பிரின் என்ற பெயரை 1921இல் அப்படி இழந்தது. ஓட்டிஸ் கொம்பனி 1950இல் எஸ்கலேற்றர் என்ற பெயரை இழந்தது. கிளினெக்ஸ்காரர் இன்றுவரைக்கும் தங்கள் பெயரைக் கட்டிக் காத்து நிற்கிறார்கள், கனடாவில் உங்கள் மச்சாள் அதை நாளாந்தம் பறித்துக்கொண்டிருக்கிறா. அவவைத் திருத்தப் போகாதீர்கள்.

தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் துடைதாள் என்று சொல்லிக்கொடுங்கள், வாய்க்குச் சுகமாக வரும். வராவிட்டால் கடதாசி லேஞ்சி என்று சொல்லலாம், லேஞ்சி என்றால் கைக்குட்டைதானே. லேஞ்சி போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று யாராவது சண்டைக்கு வந்தால், கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இதற்கு மேல் சொல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

ரெம்போவைப் பற்றி மட்டும் ஒன்று இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தப் பெயரை 1929இல் பதிவுசெய்தது நியூரம்பேர்க் நகரத்துக் கடதாசிக் கொம்பனி ஒன்று. அதன் சொந்தக்காரர் ஒஸ்கார், எமில் ரோசன்பெல்டர் என்ற சகோதரர்கள். யூதர்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு ஓட வேண்டிவந்தது. கொம்பனி பறிபோனது. பிறகு அது குஸ்தாவ் ஷிக்கெடான்ஸ் என்ற ஜேர்மன் வியாபாரியின் கைக்குப் போனது. உரியவர்கள் அகதிகளாகப் போக, அவர்கள் வைத்த பெயர் மட்டும் அந்த நாட்டின் வாயில் நின்றுவிட்டது. வீட்டையும் வளவையும் விட்டு ஓடி அதே நாட்டுக்கு வந்து சேர்ந்த நீங்கள், மூக்குத் துடைக்க அந்தப் பெயரைச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் மகள் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

அடுத்த முறை வரும்போது அம்மாவுக்கு நல்ல நூல் லேஞ்சி அரை டசின் வாங்கி வாருங்கள், கரை தைத்ததாகப் பார்த்து. ரெம்போவும் ஒரு கட்டுக் கொண்டுவாருங்கள், வயது போனவருக்குத் தடிமன் நேரம் உதவும். எறிவதா மடிப்பதா என்று அவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் அதில் தலையிட வேண்டாம். மகளை அவரோடு ஒரு பின்னேரம் தனியே இருக்க விடுங்கள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, கிழிக்கவும் மடிக்கவும் கையால் காட்டிக்கொடுக்க அப்பம்மாவுக்குத் தெரியும்.

அன்புடன்,
ரீச்சர்